வீரய்யாவின் காரும் வெள்ளைப் புகையும்

பொகவந்தலாவைக்கு மேலே, பன்னிரண்டு வீடுகள் கொண்ட ஒரு தேயிலைத் தோட்ட லயத்தில், செவ்வாய்க்கிழமை காலையிலிருந்து துக்கம் விசாரிக்க ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். சாகக் கிடந்தது வீரய்யாவின் கார்.

வீரய்யா முப்பத்திரண்டு வருஷம் தேயிலை ஃபெக்டரியில் அடுப்புக்கு விறகு தள்ளியவர். ஓய்வு பெற்ற கையோடு வட்டவளை வாத்தியார் ஒருவரிடமிருந்து, தம் மூத்த மகன் சுதாகரனைவிட மூன்று வயது கூடிய ஒரு ஜப்பான் காரை வாங்கினார். லயத்தின் முதல் கார். அதற்குரிய மரியாதையில் அவர் குறை வைத்ததேயில்லை. தினமும் காலையில் சட்டை போட்டு, தலை சீவி, காரை வாசலில் ஐந்து நிமிஷம் ஸ்டார்ட் செய்து வைப்பார். பிறகு நிறுத்திவிட்டு உள்ளே போய்ச் சட்டையைக் கழற்றுவார். கார் எங்கேயும் போகாது. அது இருக்கிறது என்பது கீழ் லயம்வரை கேட்டால் போதும்.

ஆனால் வருகிற சனிக்கிழமை அது போயே ஆகவேண்டும். அவர் மனைவி காளியாயிக்கு அன்றுதான் கடைசி வேலைநாள். முப்பத்தெட்டு வருஷமாக, மழையானாலும் பனியானாலும், இரண்டு மைல் மேடேறிக் ஆள் கணக்கெடுக்கும் காலைப் பெரட்டில் பேர் கொடுத்து, கொழுந்து பறிக்க மலைக்குப் போனவள். "கடைசிப் பெரட்டுக்கு எம் பொண்டாட்டி கார்லதான் போவா" என்று கடையடியில் பதினொரு பேர் முன்னிலையில் வீரய்யா அறிவித்திருந்தார். பதினொரு பேரில் ஒருவருக்காவது மறதி இருந்திருக்கலாம். இல்லை.

ஒத்திகைக்காக இரண்டு தடவை மேடேறிப் பார்த்தார். இரண்டு தடவையும், மலைத்தண்ணீர் கொட்டும் பீலி வளைவுக்கு வந்ததும் சூட்டு முள் சிவப்பைத் தொட்டது. பொனட்டிலிருந்து ஆவி கிளம்பியது. ஆறவைத்துத் திறந்தால் ரேடியேட்டரில் பாதித் தண்ணீரைக் காணோம். வாசலில் நிறுத்திய இடத்திலோ ஒரு சொட்டு ஈரம் கிடையாது.

துப்புத்துலக்க முதலில் வந்தவர் செல்லசாமி. பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர். காலை ஆறரை மணிக்குக் காரின் பின்னால் குந்தி, புகைக்குழாயை வெகுநேரம் பார்த்தார். வெள்ளைப் புகை.

"தண்ணி எரியுது மச்சான். கேஸ்கெட் போச்சு."

"அப்பிடின்னா?"

"எஞ்சின் தலைக்கும் ஒடம்புக்கும் நடுவுல ஒரு தகடு இருக்கும். அது பிஞ்சா தண்ணி உள்ளுக்குப் போயி புகையா வெளிய வரும். மனுசனுக்கு ஈரல் போற மாதிரி."

பஜாரிலிருந்து ஜீவராஜ் பாஸை அழைத்து வந்தார்கள். கையில் ஸ்பேனர் உள்ள எவரும் இங்கே பாஸ்தான். அவர் ஒயில் மூடியைத் திறந்து, உட்புறத்தை விரலால் வழித்துக் கூட்டத்துக்குக் காட்டினார். பாலாடை மாதிரி ஒரு பசை.

"ஒயில்ல தண்ணி கலந்திருச்சு. தலையத் தூக்கணும். ரெண்டு கிழமை ஆகும்."

யாரோ உச்சுக் கொட்டினார்கள். அந்திவரை இஞ்சி பிஸ்கட்டோடு ஆட்கள் வந்துகொண்டேயிருந்தார்கள். பக்கத்து வீட்டுச் சோலைமலை கார்க் கதவைத் தடவிக்கொடுத்து, "வாத்தியார் கையில இருக்கறப்ப நல்லாத்தான் இருந்துச்சு" என்று ஆறுதல் சொன்னார். வீரய்யா எல்லோருக்கும் பிளேன்டீ கொடுத்தார்.

மலையிலிருந்து திரும்பிய காளியாயி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள்.

"ஏங்க, அந்த ரேடியேட்டர் மூடியப் பாத்தீங்களா? நம்ம குக்கருக்கு வாசர் காஞ்சப்ப இப்பிடித்தான் விசிலும் வரல, தண்ணியும் நிக்கல. அதுக்காகக் குக்கரையா வெட்டிப் பாத்தோம்?"

முப்பத்திரண்டு வருஷம் நெருப்போடு குடித்தனம் செய்தவரிடம் குக்கர் கதை. வீரய்யா பொறுமையாகச் சிரித்தார்.

"இது எஞ்சின், காளி. பருப்பு இல்ல."

வியாழக்கிழமை, பின்சீட்டில் எட்டுப் போத்தல் தண்ணீரோடு, கேஸ்கெட் வாங்க ஹட்டனுக்குப் புறப்பட்டார். மேட்டுக்கு மேடு நிறுத்தி, ஆறவைத்து, ஊற்றி, ஒன்றரை மணி நேரப் பயணத்தை நான்கு மணி நேரத்தில் முடித்தார். உதிரிப்பாகக் கடை ஹிஷாம் அவர் முகத்தைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

"என்ன வீரய்யாண்ணே, யாரு மவுத்து?"

"கார்தான் நானா. கேஸ்கெட் போயிருச்சு."

"யாரு பாத்தது?"

"லயமே பாத்துச்சு."

ஹிஷாம் வெளியே வந்து காரின் பின்பக்கம் குனிந்தார். "எங்க புகை?"

வீரய்யாவும் குனிந்தார். ஒரு நூல் புகைகூட இல்லை. இத்தனை பேர் சாட்சி சொன்ன புகை, நேரம் பார்த்துக் கைவிட்டுவிட்டது.

"குளிர்ல எல்லாக் காரும் வெள்ளையாத்தான் விடும். பனி வெலகி, எஞ்சினும் சூடான பிறகும் விட்டாத்தான் பயம்" என்று சொல்லிக்கொண்டே ஹிஷாம் என்ஜினை நிறுத்தி, ஒயில் குச்சியை இழுத்துப் பார்த்தார். ஒயில் ஒயிலாகவே இருந்தது. ஒயில் மூடியிலிருந்த பாலாடையும் முக்கால்வாசி கரைந்திருந்தது. "தெனம் எவ்வளவு ஓட்டுறீங்க?"

"அஞ்சு நிமிஷம்."

"எங்க?"

"எங்கயும் இல்ல."

ஹிஷாம் ஒயில் மூடியை அவர் கண்ணெதிரே நீட்டினார். "எஞ்சின் சூடேறுறதுக்குள்ள நிப்பாட்டினா உள்ளுக்கு வேர்க்கும்ணே. அந்த வேர்வைதான் மூடியில ஆடை கட்டுது."

கார் ஆறியதும், ரேடியேட்டர் மூடி இருந்த இடத்தில் ஒரு சின்னக் கைப்பம்பை மாட்டி அமுக்கினார். பம்பிலிருந்த அமுக்க முள் ஏறியது. இருவரும் போய் டீ குடித்துவிட்டு வந்தார்கள். முள் அசையவில்லை. எங்கேயும் ஓட்டை இல்லை. பிறகு மூடியைத் தனியே பம்பில் மாட்டினார். முள் தொப்பென்று விழுந்தது. மூடியின் ரப்பர், காய்ந்த தோடம்பழத் தோல் மாதிரி வெடித்திருந்தது.

"அமுக்கம் நிக்காட்டி தண்ணி சீக்கிரமாக் கொதிக்கும். மேட்டுல இந்த டியூப் வழியா ரோட்டுல ஊத்திரும். வாசல்ல தேடினா எப்பிடிக் கிடைக்கும்?"

"குக்கர் வாசர் மாதிரியா நானா?"

"அதேதான். யாரு சொன்னது?"

"ஒரு பாஸ்" என்றார் வீரய்யா.

சனிக்கிழமை காலை பனி மூட்டம். காளியாயி தனியாகப் போக மாட்டேன் என்று மூன்று தோழிகளைப் பின்சீட்டில் அடைத்தாள். புது மூடியோடு கார் மேடேறியது. பீலி வளைவில் வீரய்யாவின் கால் தானாகப் பிரேக்கைத் தொட்டது. சூட்டு முள் பாதியில் நின்றது.

"ஏன் நிப்பாட்டுறீங்க?"

"பழக்கம்."

"ஹட்டன்ல என்னதான் சொன்னாங்க?"

"ஒரு பாஸ் சொன்னது சரின்னாங்க."

"எந்த பாஸு?"

வீரய்யா ரோட்டையே பார்த்தார். "இப்ப எம் பக்கத்துல உக்காந்திருக்கிற பாஸு."

பின்சீட்டில் மூன்று பேரும் ஒரேயடியாகச் சிரித்ததில் கார் குலுங்கியது.

பெரட்டுக் களத்தில் செல்லசாமி காத்திருந்தார். கார் நின்றதும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. நேரே பின்னால் போய்க் குந்தினார்.

"வெள்ளையாப் போகுது மச்சான். நான் அன்னைக்கே சொன்னேன்."

காளியாயி இறங்கி வந்து, அவர் முன்னால் நின்று ஹாவென்று ஊதினாள். பனியில் அவள் மூச்சு வெள்ளை வெளேரென்று போனது.

"எனக்கும் முப்பத்தெட்டு வருசமா இப்பிடித்தாண்ணே போகுது. என் தலையத் தூக்கிப் பாக்கிறீங்களா?"

களமே சிரித்ததில், கணக்கப்பிள்ளை அவள் பெயரை இரண்டு தடவை கூப்பிடவேண்டியிருந்தது. கார்க் கதவைப் பிடித்தபடியே அவள் பேர் கொடுத்தாள்.