முதலாளி எழுத வேண்டிய கடிதம்

மஞ்சள் நம்பர் பலகை மாட்டிய கறுப்பு மெர்சிடிஸ் தெரு முனையில் திரும்பியதும் பிள்ளைகள் கத்திக்கொண்டு பின்னால் ஓடினார்கள். கூரை மேல் ஓர் ஆள் உயரத்துக்குச் சாமான்கள். நீலத் தார்ப்பாய் போட்டு இறுக்கிக் கட்டியிருந்தது. மாடிகளில் பெண்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"மீமூந்த் மகன் வந்துட்டான்! போன வருஷத்த விடப் பெரிய வண்டி!"

தெருவே வண்டியைப் பார்த்தது. லுப்னா மட்டும் அதிலிருந்து இறங்கியவனின் கைகளைப் பார்த்தாள். அந்தக் கைகளில் காகித உறை எதுவும் இல்லை.

கல்யாணமாகி இது ஐந்தாவது ஆகஸ்ட். ஐந்து ஆகஸ்டிலும் அவள் கணவன் ஜவாத் நெதர்லாந்திலிருந்து மூன்று நாள் வண்டி ஓட்டி, அல்மேரியாவில் கப்பலேறி, கடல் கடந்து எங்கள் ஊர் நாதோருக்கு வந்து சேர்ந்தான். ஐந்து முறையும் வெறுங்கையோடு. தங்க வளையல், காப்பித்தூள், சாக்லேட், மாமியாருக்குக் கம்பளி, இதெல்லாம் கணக்கில் சேருமா? லுப்னா காத்திருந்தது ஒரே ஒரு தாளுக்காக.

மனைவியைத் தன்னிடம் அழைத்துக்கொள்ள விரும்புகிறவன் அந்த நாட்டு அரசாங்கத்துக்கு இரண்டு விஷயங்களைக் காட்ட வேண்டும். அவனுடைய மாதச் சம்பளம் அவர்கள் போட்ட கோட்டைத் தொட வேண்டும். அந்தச் சம்பளம் இன்னும் ஒரு வருடத்துக்கு விடாமல் வரும் என்று முதலாளி எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். மனைவி தன் பங்குக்கு அவர்கள் மொழியில் ஒரு பரீட்சை எழுத வேண்டும். லுப்னா அதற்காக இரண்டு முறை பத்து மணி நேரம் பேருந்தில் தலைநகர் ரபாத் போய் வந்தாள். இரண்டு முறையும் தேறினாள். ஆனால் தேர்ச்சி ஒரு வருடம்தான் செல்லும். முதல் தேர்ச்சி வீணாகிப் போனது. இரண்டாவது நவம்பர் இருபதாம் தேதியோடு முடிகிறது. அதற்குள் விண்ணப்பம் போய்ச் சேர வேண்டும்.

"கடிதம் எங்க?" என்றாள் வாசலிலேயே.

"மொதல்ல உள்ள வர விடு லுப்னா. மூணு நாளா தூங்கல."

"எங்கன்னு கேட்டேன்."

"சம்பளம் கொஞ்சம் பத்தல. அடுத்த வருஷம், இன்ஷா அல்லாஹ்."

மாமியார் மீமூந்த் மகனைக் கட்டிக்கொண்டு, அவன் தோளுக்கு மேலாக மருமகளை முறைத்தாள். "வந்தவனுக்கு ஒரு வாய் தண்ணி குடுக்காம விசாரணை பண்றா பாரு! போலீசா நீ?"

லுப்னா தண்ணீர் கொண்டு வந்தாள். குவளையை வேகமாக வைத்ததில் பாதி தரையில் சிந்தியது.

சம்பளம் பத்தவில்லையாம்! அப்படியென்றால் இந்த மெர்சிடிஸ்? கையில் மின்னும் இந்த வளையல்? பத்தாத சம்பளக்காரன் ஆறு வாரம் ஹாயாக உட்கார்ந்து தின்பானா? இவன் பொய் சொல்கிறான். எதை மறைக்கப் பொய் சொல்கிறான்?

லுப்னா வேலை பார்த்தது பெனி அன்சார் துறைமுகத்தில், கப்பல் பயணச்சீட்டு விற்கும் அலுவலகத்தில். பக்கத்து இருக்கை ஸலீஹாவுக்கு ஊர் வாயெல்லாம் தன் வாய்.

"உனக்குப் புரியலையாடி?" என்றாள் ஸலீஹா. "இந்தச் சன்னல்ல உக்காந்து எத்தன பேரப் பாத்திருக்கேன். இங்க ஒரு குடும்பம், அங்க ஒரு குடும்பம். அங்க ஒருத்தி இருந்தா இங்க இருக்கறவளுக்கு எப்படிடி கடிதம் வரும்?"

"வாய மூடு."

"நான் மூடுறேன். அவன் கைபேசிய மட்டும் நீ தொறந்து பாரு."

லுப்னா சிரித்து மழுப்பினாள். ஆனால் அந்தச் சொல் முள்ளாக உள்ளே இறங்கிவிட்டது. அன்று முதல் அவள் கணவனின் முகத்தை விட்டுவிட்டு அவன் கைபேசியைப் பார்க்க ஆரம்பித்தாள்.

வந்த நான்காம் நாள் அது மேசையில் அதிர்ந்தது. திரையில் ஒரு பெயர்: மார்லூஸ். ஜவாத் எடுக்கவில்லை, கவிழ்த்து வைத்தான். ஐந்தாம் நாள் இரண்டு முறை. ஆறாம் நாள் நான்கு முறை.

"யார் அது?"

"வேல விஷயம்."

"வேல விஷயம்னா எடுத்துப் பேசேன்."

"விடுமுறைல யாரு வேலயப் பத்திப் பேசுவா?" என்று சிரித்தான். அந்தச் சிரிப்பு கண்ணுக்கு ஏறவே இல்லை.

ஐந்து வருடம்! ஊரில் அவளுக்குப் பின் கல்யாணமானவர்கள் எல்லாம் இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று என்று நடக்கிறார்கள். இவள் அந்நிய மொழியில் 'நான் ரொட்டி வாங்குகிறேன், நான் ரயிலில் போகிறேன்' என்று பாடம் செய்துகொண்டிருந்தாள். யாருக்காக? எங்கோ ஒரு மார்லூஸ் இவள் ரொட்டியைத் தின்றுகொண்டிருக்கவா?

எட்டாம் நாள் வெள்ளிக்கிழமை. மதியம் குஸ்குஸ் சாப்பிட்டுவிட்டு ஜவாத் உள்ளறையில் படுத்தான். சனிக்கிழமை அவன் ஒன்றுவிட்ட தம்பிக்குக் கல்யாணம். மீமூந்த் எதிர்வீட்டில் மணப்பெண்ணின் வரிசைச் சாமான்களைப் பார்க்கப் போயிருந்தாள். ஆணியில் வண்டிச் சாவி தொங்கியது.

லுப்னா சாவியை எடுத்தாள். திருடியைப் போல வண்டிக்குள் நுழைந்து கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளே அடுப்பாக வெந்தது. முன்பெட்டியைத் திறந்தாள். முதலில் கிடைத்தது ஒரு வாடகை ரசீது. மெர்சிடிஸ் வாடகை வண்டி! அதுவும் இரண்டு வாரத்துக்கு மட்டும். அதற்கு மேல் ஒவ்வொரு நாளுக்கும் தனி வாடகை. அதன் கீழே ஒரு நீலக் கோப்பு. அதற்குள் நான்கு கடிதங்கள். நான்கின் அடியிலும் ஒரே கையெழுத்து.

மார்லூஸ்.

நான்கு கடிதம் எழுதியிருக்கிறாளா? அதைப் பத்திரமாகக் கோப்பு போட்டு வைத்திருக்கிறானா? கிழித்துப் போட நினைத்தவள், கிழிக்கும் முன் படித்தாள். ஜவாத் ஒன்றை மறந்துவிட்டான். அவனுக்காகவே அவள் அந்த மொழியைப் படித்திருந்தாள்.

ஒவ்வொரு சொல்லாக விரல் வைத்து நகர்ந்தாள். 'வேலை' தெரிந்தது. 'விடுமுறை', 'பதினான்கு நாள்' தெரிந்தது. 'திரும்பி வரவில்லை' தெரிந்தது. தெரியாத சொற்களைக் கைபேசியில் தேடினாள். வியர்வை சொட்டித் தாள் நனைந்தது.

அவை காதல் கடிதங்கள் இல்லை. எழுதியது, பண்ணைகளுக்கும் கிடங்குகளுக்கும் ஆள் அனுப்பும் ஒரு நிறுவனம். 'உங்களுக்கு அனுமதித்த விடுமுறை பதினான்கு நாள். நீங்கள் குறித்த தேதியில் திரும்பவில்லை. ஆகவே உங்கள் ஒப்பந்தத்தை நீட்டிக்க இயலாது.' முதல் கடிதம் தக்காளிப் பண்ணை. இரண்டாவது பூக் கிடங்கு. மூன்றாவது மீன் கிடங்கு. நான்காவது மறுபடி தக்காளி. வருடத்துக்கு ஒன்றாக, நான்கும் ஆகஸ்ட் மாதத்துத் தேதி போட்டவை.

லுப்னா கணக்குப் போட்டாள். ஒவ்வொரு வருடமும் அவன் இங்கே ஆறு வாரம் தங்கினான். அந்த ஆறு வாரத்தால் வேலை போனது. செப்டம்பரில் புது இடத்தில் முதல் நாளிலிருந்து ஆரம்பித்தான். புது ஆளுக்கு எந்த முதலாளி ஒரு வருடத்துக்கு எழுதிக் கொடுப்பான்?

அவளைப் பார்க்க வந்ததால்தான் அவளை அழைத்துப்போக முடியவில்லை!

ஆனாலும் சந்தேகம் அவ்வளவு சீக்கிரம் எழுந்து போய்விடுமா? ஒரு பெண் இத்தனை முறை கூப்பிடுவானேன்? அவள் உள்ளே போனாள். தூங்குகிறவனின் தலைமாட்டிலிருந்து கைபேசியை எடுத்து, சமையலறையில் நின்று, அந்தப் பெயரை அழுத்தினாள்.

"அப்பாடா, எடுத்தீங்களே ஜவாத்!" என்றது ஒரு பெண் குரல்.

லுப்னா பரீட்சையில் பேசியது போலவே பேசினாள். "நான் ஜவாத் அல்ல. என் பெயர் லுப்னா. நான் ஜவாத்தின் மனைவி. நீங்கள் யார்?"

"லுப்னாவா? அந்த லுப்னாவா? அம்மா, நாலு வருஷமா உங்க பேரக் கேட்டுக் கேட்டு எனக்குக் காதே வலிக்குது!" பிறகு அந்தப் பெண் மடமடவென்று கொட்ட ஆரம்பித்தாள்.

"தயவுசெய்து மெதுவாகப் பேசுங்கள். எனக்குக் கொஞ்சம்தான் தெரியும்."

மார்லூஸ் மெதுவானாள். "திங்கக்கிழமை. காலை ஏழு மணி. குடைமிளகாய்ப் பண்ணை. அவர் அங்க நிக்கணும். நிக்கலன்னா இந்த வருஷமும் நான் அதே கடிதம் எழுதணும். புரியுதா?"

"நின்றால்?"

"நல்ல வேலக்காரர்னு முதலாளியே சொல்றார். நவம்பர் வரைக்கும் ஒரு நாள் தவறாம வந்தா ஒரு வருஷத்துக்கு எழுதித் தர்றேன்னு சொல்லியிருக்கார். இத அவர் உங்ககிட்ட சொல்லலையா?"

லுப்னா கைபேசியை வைத்துவிட்டு, அந்த நான்கு கடிதங்களையும் எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போனாள்.

அவள் எழுப்பியபோது ஜவாத் முதலில் பார்த்தது தன் மார்பின் மேல் கிடந்த நான்கு கடிதங்களைத்தான். அவன் எழவில்லை. படுத்தபடியே கண்ணை மூடிக்கொண்டான்.

"ஏன்டா சொல்லல?" அவள் குரல் உடைந்தது. "நாலு வருஷம்! நான் உன்ன என்னவெல்லாம் நெனச்சேன் தெரியுமா? வல்லாஹ், கேட்டா நீ செத்துருவ."

"என்னன்னு சொல்வேன்? வேலையிலிருந்து தொரத்திட்டாங்கன்னா? இந்தத் தெருவுல வந்து அதச் சொல்லணுமா?"

"தெருகிட்ட வேணாம். எங்கிட்ட."

"பதினாலு நாள் லுப்னா. வர்றதுக்கு மூணு, போறதுக்கு மூணு ரோட்டுலயே போயிரும். மிச்சம் எட்டு நாள். எட்டு நாள் உன் மூஞ்சியப் பாத்துட்டு ஒரு வருஷம் அந்தப் பண்ணைக் கண்ணாடிக் கொட்டகைல நிக்கணும். ஒவ்வொரு தடவையும் எட்டாம் நாள் கெளம்பணும்னுதான் நெனப்பேன். ஒம்பதாம் நாள் நீ சாயங்காலம் துறைமுகத்துலேர்ந்து வருவ... என்னால முடியல." அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். "அம்மாவும் ஒரு கல்யாணத்தக் காட்டி இரு இருன்னாங்க."

அவளுக்கு அவனை அறையத் தோன்றியது. கட்டிக்கொள்ளவும் தோன்றியது. இரண்டையும் செய்யாமல் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"இன்னிக்கு ஆறு மணிக்கு ஒரு கப்பல் இருக்கு. எந்திரி."

"இன்னிக்கா? நாளைக்குக் கல்யாணம்டி!"

"கல்யாணம் அவங்களுது. எனக்கு ஒண்ணு நடந்து அஞ்சு வருஷமாச்சு. நான் இன்னும் குடித்தனம் போகல."

துறைமுக அலுவலகத்தில் பயணச்சீட்டை அவளே அடித்துக் கொடுத்தாள். ஆகஸ்ட் நடுவில் நாதோரை விட்டுப் போகும் கப்பலில் யார் ஏறுவார்கள்? பாதிக்கு மேல் காலி. ஸலீஹா கண்ணை உருட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். லுப்னா அவள் பக்கம் திரும்பவே இல்லை. சன்னல் வழியாகச் சீட்டை நீட்டி, "ஒரு ஆள், ஒரு வண்டி. கடிதத்தோட வா. இல்லன்னா வராத," என்றாள் கணவனிடம். அவன் விரல்கள் அவள் விரல்களைத் தொட்டன. பின்னால் நின்றவர் கனைத்தார்.

வீடு திரும்பியபோது மீமூந்த் தெருவில் நின்று மாரடித்துக்கொண்டிருந்தாள். "என் மகன வெரட்டிட்டா! கல்யாணத்துக்கு முந்தின நாள் வெரட்டிட்டா! என்ன மருந்து வச்சாளோ!"

தெரு அவள் பக்கம். மறுநாள் கல்யாண வீட்டில் புதினா தேநீரோடு லுப்னாவின் பேரும் சுற்றி வந்தது.

"வண்டிக்குள்ள ஏதோ பொம்பள சமாச்சாரம் கெடச்சுதாம்."

"தலாக்தான். பாத்துக்கிட்டே இரு."

"அவ மேலதான் எனக்குச் சந்தேகம். புருஷன் போகும்போது கண்ணுல ஒரு சொட்டுத் தண்ணி இல்லையே!"

லுப்னா தட்டிலிருந்த கோழியைப் பிட்டுத் தின்றாள். எதற்கும் பதில் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஜவாத்தின் வாடகை மெர்சிடிஸையும் சொல்ல வேண்டியிருக்குமே!

செப்டம்பர் போனது. அக்டோபர் போனது. ஜவாத் ஞாயிற்றுக்கிழமை மட்டும் கூப்பிட்டான். மற்ற நாளெல்லாம் பண்ணை, களைப்பு, தூக்கம் என்றான். உண்மையா? ஒரு ஞாயிறு அவன் கூப்பிடாமல் போனபோது பழைய முள் மறுபடி அசைந்தது. அந்த மார்லூஸ் நல்லவள்தானா? அவனைக் காப்பாற்ற அவளும் சேர்ந்து நடித்திருந்தால்? லுப்னா தன்னையே திட்டிக்கொண்டு, மாலையில் ஏரிக்கரை ஓரமாக நடந்தே வீட்டுக்குப் போவாள். நாட்காட்டியில் நவம்பர் இருபதைச் சுற்றி அவள் போட்ட வட்டம், தினமும் பார்க்கப் பார்க்கப் பெரிதாகிக்கொண்டே வந்தது.

நவம்பர் பதினான்காம் தேதி, வேலை நடுவில், கைபேசியில் ஒரு படம் வந்தது. ஒரே ஒரு தாள்.

அவள் மகிழவில்லை. முதலில் தேதியைப் பெரிதாக்கிப் பார்த்தாள். பிறகு சம்பளத்தைப் பார்த்தாள். கோட்டுக்கு மேலே, கொஞ்சம்தான், ஆனால் மேலே. 'இன்னும் பன்னிரண்டு மாதங்களுக்கு' என்ற வரியை விரல் வைத்து மூன்று முறை படித்தாள். எங்காவது 'இயலாது' ஒளிந்திருக்கிறதா என்று தேடினாள். இல்லை. அதோடும் விடாமல் மார்லூஸைக் கூப்பிட்டாள்.

"நான் லுப்னா. ஒரு கேள்வி. இந்தக் கடிதம் உண்மையா?"

"உண்மைதான்!" மார்லூஸ் உரக்கச் சிரித்தாள். "விண்ணப்பத்தையும் இன்னிக்குக் காலைல குடுத்துட்டார். இப்ப பண்ணைல இருக்கார். ஒரு நாள்கூடத் தவறல."

அப்போதுதான் லுப்னா அழுதாள். சன்னலுக்கு வெளியே வரிசையில் நின்றவர்கள் பார்க்கப் பார்க்க, முத்திரைக் கட்டையைக் கையில் பிடித்தபடி, குலுங்கிக் குலுங்கி அழுதாள். ஸலீஹா ஓடி வந்து, "சொன்னேன்ல, சொன்னேன்ல! விட்டுட்டானா?" என்றாள். லுப்னா படத்தைக் காட்டினாள். ஸலீஹாவுக்கு அந்த மொழி தெரியாது. ஆனாலும் வாயை மூடிக்கொண்டாள்.

வீட்டில் மீமூந்த் மத்தி மீன் கழுவிக்கொண்டிருந்தாள். செய்தியைக் கேட்டும் குழாயை நிறுத்தவில்லை. தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.

"எனக்குத் தெரியும்," என்றாள் மெதுவாக. "பதினாலு நாள்தான் லீவுன்னு மொத வருஷமே எங்கிட்ட சொன்னான். நான்தான் இரு இருன்னு..."

எங்கெங்கோ தேடிய சந்தேகம், இதோ, இந்தத் தொட்டியடியில் மீன் கழுவிக்கொண்டிருக்கிறது!

"ஏன் லல்லா?" மாமியாரை எப்போதும் கூப்பிடும் அந்த மரியாதைச் சொல்லே வாயில் வந்தது.

"நீ இங்க இருக்கறதால வர்றான். நீயும் போயிட்டா அவன் எதுக்குடி இங்க வரணும்? எனக்காகவா வருவான்?" கிழவி கழுவிய மீனையே மறுபடி கழுவினாள்.

கேட்க வேண்டிய கேள்விகள் லுப்னாவின் தொண்டை வரை வந்தன. ஐந்து வருடக் கேள்விகள். அவள் போய்க் குழாயை மூடினாள்.

"ஆகஸ்ட்ல வருவோம் லல்லா. ரெண்டு பேரும்."

மீமூந்த் நம்பாமல் பார்த்தாள். "ஆறு வாரமா?"

"பதினாலு நாள்."

"வண்டில வந்தா ஆறு நாள் ரோட்டுலயே போயிருமே!"

"விமானத்துல வருவோம். மெர்சிடிஸ் கெடயாது."

கிழவி ஈரக் கையால் மருமகளின் சட்டைக் கையைப் பிடித்து இழுத்து, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"தெருவுல கேட்டா என்னன்னு சொல்றது?"