பிராசசருக்கு வைத்த பொட்டு

செங்கல்பட்டில் ஒரு கல்யாண வீடியோ மிக்சிங் கடையில் வேலை பார்த்தபோது எனக்கு ஒரே பயம்தான். மழைக்காலத்தில் வெளியே அனுப்பிவிடுவார்களோ என்பது. எட்டாவதோடு படிப்பை விட்டவன் நான். மதுராந்தகத்தில் நெல் மண்டி, பிறகு லாரி கிளீனர், பிறகு ஒரு புடவைக் கடை என்று எங்கேயும் தங்காமல் சுற்றியிருந்தேன். பஸ் ஸ்டாண்டில் படுப்பது எனக்குப் புதிதல்ல. ஆனால் ஐப்பசி மழையில் அங்கே படுக்க முடியாது, உட்கார்ந்தேதான் விடிய வேண்டும். இந்தக் கடையில் படுக்க இடம் கொடுத்திருந்தார்கள். பழைய சர்வர் கம்ப்யூட்டரின் பின்பக்கத்திலிருந்து வெதுவெதுப்பாகக் காற்று வரும். அதற்கு முதுகைக் காட்டிப் படுத்துக்கொள்வேன்.

அந்த சர்வரை ஏதோ ஆபீஸ் ஏலத்தில் முதலாளி எடுத்து வந்திருந்தார். பாதி பீரோ உயரம். ஓடினால் மாவு மில் சத்தம். உள்ளே மூளை மாதிரி இரண்டு பிராசசர்கள், இரண்டும் நிதானமானவை. அந்த வருஷம் புதிதாக ஒரு டெஸ்க்டாப் வாங்கினார். அதில் பிராசசர் ஒன்றுதான், ஆனால் பழையது இரண்டும் சேர்ந்தாலும் அதன் வேகத்துக்கு வராது என்று விற்றவர் சொன்னார். உண்மைதான். படத்தை வெட்டி ஒட்டும்போது புதியது விரலை எடுப்பதற்குள் முடித்துவிடும். பழையது கொஞ்சம் யோசிக்கும். மொத்தக் கல்யாணத்தையும் பாட்டோடு சேர்த்து ஒரே படமாக்கும் வேலையை ரெண்டரிங் என்போம். அதில் பழையது காலையில் எந்த வேகத்தில் கிளம்பியதோ அதே வேகத்தில் சாயங்காலம் வரை போகும். எத்தனை வெயிலடித்தாலும் நின்றதில்லை. இருந்தாலும் புதியதே முந்திக்கொண்டு முடிக்கும்.

புதியதில் உட்கார்ந்தவர் முதலாளியின் மச்சினன், கம்ப்யூட்டர் கோர்ஸ் முடித்தவர். பழையதில் நான்.

இரண்டையும் சேர்த்து ஓட்டினால் ஸ்டெபிலைசர் கீச்சிடும், ட்யூப் லைட் மங்கும். அந்த ஒயரிங் நாள் கணக்கில் தாங்காது என்று எலக்ட்ரீசியன் சொல்லிவிட்டார். மாமல்லபுரத்தில் பிரௌசிங் சென்டர் வைத்திருந்த ஒருவர், நாளெல்லாம் அணையாமல் ஓடும் மிஷின் வேண்டும் என்று கேட்டிருந்தார். "ஆயுத பூஜை முடியட்டும். ஒரே கல்யாணத்த ரெண்டுலயும் போட்டுப் பாக்கலாம். எது லேட்டோ அது மாமல்லபுரம் போவட்டும்" என்றார் முதலாளி. மிஷின் ஒன்றானால் ஆளும் ஒருவன்தான். எது போகும் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

பூஜையன்று என்னைப் பொரியும் பூசணிக்காயும் வாங்க அனுப்பினார்கள். திரும்பி வந்தபோது கேமரா, லைட், ஸ்டாண்ட், கத்தரிக்கோல் எல்லாம் சந்தனமும் குங்குமமுமாக இருந்தன. முதலாளி புதிய மிஷினின் பக்கவாட்டுத் தகட்டை மூடிக்கொண்டிருந்தார்.

"ஃபேனக் கழட்டி மூளைக்கே பொட்டு வெச்சிட்டேன்பா. வெளிய டப்பாவுக்கு வெச்சி இன்னா ஆவப்போவுது?" என்றார். "உள்ள ஒரே அழுக்கு. வெள்ளையா ஏதோ ஒட்டிகினு இருந்துச்சி. நல்லா தொடச்சிட்டு மூணு வெரலால சந்தனம் இழுத்து, நடுவுல குங்குமம் வெச்சேன். இனிமே பாரு."

பழைய சர்வருக்குப் பூட்டு உண்டு. சாவியைத் தேடிக் கிடைக்காததால் பொட்டு வெளிக்கதவோடு நின்றுவிட்டது. அன்று வழக்கப்படி எந்த மிஷினையும் தொடவில்லை. மறுநாள் கற்பூரம் காட்டிவிட்டு இரண்டிலும் திருக்கழுக்குன்றத்துக் கல்யாணம் ஒன்றை ஏற்றி ஒன்றாகத் தட்டிவிட்டோம். முதலாளி நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

"இன்னாபா, பைய கட்டிட்டியா?" என்று என்னைக் கேட்டார் மச்சினன்.

"கட்டறதுக்கு இன்னா கீது, ஒரு லுங்கி" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள்.

திரையில் நீலக்கோடு ஒன்று இடமிருந்து வலமாக நகரும். அது மறுமுனையைத் தொட்டால் கல்யாணம் முடிந்தது. புதியதின் கோடு முதலில் பாய்ந்தது. பெண் அழைப்பைத் தாண்டியதும் தயங்கியது. பிறகு நகர்கிறதா என்றே தெரியவில்லை. என்னுடையது மாலை மாற்றலில் அதைப் பிடித்து, தாலி கட்டும்போது முந்திவிட்டது.

"இன்னாடா இது, புதுசு தூங்குது?" என்றார் முதலாளி. மச்சினன் மவுஸைத் தட்டினார், திரையைத் தட்டினார். "கடக்காரன் நம்மள ஏமாத்திட்டான் மாமா. பழசுக்கு பெயிண்ட் அடிச்சிக் குடுத்துட்டான்."

"அப்ப புதுசையே அனுப்பிடலாம். பழசு இருக்கட்டும், இவனும் இருக்கட்டும்" என்றார் முதலாளி.

என் காதால் கேட்டேன். உட்கார்ந்த இடத்திலேயே உடம்பு லேசானது. மழையில் நனையாமல் ஒரு மாதம் தூங்கப்போகிறேன் என்று நினைத்தேன். அப்போதுதான் சந்தன வாசனை வந்தது.

முதலில் பூஜையின் மிச்சம் என்று நினைத்தேன். நேரம் போகப்போக அது வறுபடும் வாசனையாக மாறியது. புடவைக் கடையில் மெயின் பெட்டி எரிந்த அன்றும் இப்படித்தான். புகைக்கு வெகுநேரம் முன்னாலேயே வாசனை வந்தது, யாரும் கண்டுகொள்ளவில்லை. என் இடது முழங்கையில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. மிக்சிங் அறைக்கு ஒரே கதவு. தடுப்பெல்லாம் பிளைவுட். அலமாரி முழுக்க ஊரார் கல்யாணக் கேசட்டுகள்.

சொன்னால் மிஷினைத் திறப்பார்கள், சரி செய்வார்கள், புதியது ஜெயிக்கும், நான் போக வேண்டும். சொல்லாவிட்டால் எனக்கு இடம் உண்டு. பற்றிக்கொண்டால் அந்த இடமே இருக்காது. என் கோடு பந்தி வரை போவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மச்சினன் வேறு அந்த மிஷினின் மேலேயே காலைத் தூக்கிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"அண்ணாத்த, அத்த அணைச்சிடு" என்றேன் முதலாளியிடம். "உள்ள சந்தனம் தீயுது."

"ஜெயிச்சிகினு இருக்கசொல்ல இன்னாபா பேஜாரு?" என்றார் அவர்.

"அண்ணாத்த, அணைச்சிடு. பொடவக் கட எரிஞ்சப்ப இதே மாரிதான் வாசன வந்துச்சி."

அதைக் கேட்டதும் முதலாளியே எழுந்து ஸ்விட்சை அணைத்தார். தகட்டைக் கழற்றி ஃபேனைத் தூக்கினார். தொட்ட விரலை உதறி வாயில் வைத்துக்கொண்டார். பிராசசரின் மேல் சந்தனம் வெந்து, பழுப்பாகிப் பொருக்கு விட்டிருந்தது. விற்றவருக்குப் போன் போட்டார்கள். துடைத்தெடுத்த வெள்ளை அழுக்கல்ல, சூட்டை மேலே ஃபேனுக்குக் கடத்த வைக்கிற பசை, அது இல்லாவிட்டால் பிராசசர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், அதற்கு மேல் முடியாவிட்டால் போய்விடும் என்றார் அவர்.

"சாமிக்குதான வெச்சேன்" என்றார் முதலாளி. "சாமியும் சூடு தாங்கல மாமா" என்றார் மச்சினன்.

மறுநாள் சென்னைக்கு ரயிலேறிப் பசை வாங்கி வந்தார்கள். அதே கல்யாணத்தை மறுபடி ஓட்டினார்கள். என் மிஷின் மாலை மாற்றலில் இருக்கும்போதே புதியது சாந்தி முகூர்த்தப் பாட்டு வரை போய் முடித்துவிட்டது. முதலாளி என்னை நேராகப் பார்க்கவில்லை. லேட்டானது போகும் என்று சொன்ன சொல் சொன்னதுதான்.

டெம்போ வந்த அன்று நல்ல மழை. சர்வருக்குத் தார்ப்பாய் போட்டுக் கட்டினோம். முதலாளி மேஜை டிராயரைக் கலைத்து அந்தச் சாவியைக் கண்டெடுத்தார். "இந்தா, நீயே கூடப் போ. ஆட்டாம புடிச்சிக்க. அந்தாளுக்கு இத்த ஸ்டார்ட் பண்ணத் தெரியாது, உன்ன வெச்சிக்கச் சொல்லிப் பேசிட்டேன்" என்றார். வைத்துக்கொள்வாரா என்று தெரியாமல் திருக்கழுக்குன்றம் வழி முழுக்க சர்வரைப் பிடித்துக்கொண்டே போனேன். வைத்துக்கொண்டார். அங்கே உப்புக் காற்று, வெள்ளைக்காரர்கள், ராப்பகலாக அணையாத அதே மாவு மில் சத்தம். என் முதுகுக்கு அதே வெதுவெதுப்பு.

அடுத்த ஆயுத பூஜைக்குப் புது முதலாளி கிண்ணத்தில் சந்தனம் கரைத்துக்கொண்டு வந்தார். "இத்தத் தொறப்பா, உள்ளயும் ஒரு பொட்டு வெச்சிடலாம்" என்றார்.

சாவி தொலைந்து ரொம்ப நாளாகிறது என்றேன். அது என் இடுப்பில்தான் இருந்தது. அவர் கதவுக்குப் பொட்டு வைத்துவிட்டுப் போகும் வரை அதைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தேன்.