பாக்தாத் மதிலும் என்ர பாதித் தாடியும்

இண்டைக்கு வோபர்ன் சலூனில் நாலு பேர்: என்னை வழிக்கிற ஈரான்காரர், பக்கத்துக் கதிரையில் முடிவெட்டுற துருக்கிக்காரர், அவரிட்டை வெட்டி முடிச்ச மச்சான், நான். மருமேளின்ர முகூர்த்தத்துக்கு நேரமாகுது. என்ர தாடியில் பாதிதான் போயிருக்கு.

"பாக்தாத் கோட்டையை எங்கட ஷா பிடிச்சவர்," எண்டுறார் ஈரான்காரர்.

"உள்ளுக்கிருந்தவன் கதவைத் திறந்துவிட்டவன். எங்கட சுல்தானெல்லோ மதிலை இடிச்சுத் திருப்பிப் பிடிச்சவர்," எண்டுறார் மற்றவர்.

"எங்கை இடிச்சவர்? இதுதான் மதில்," எண்டு ஈரான்காரர் சவரக்கத்தியால் என்ர கழுத்தைக் காட்டுறார்.

நான் ஏழாம் வகுப்போட நிண்டவன். பாக்தாத் எங்கை எண்டு தெரியாது. கத்தி எங்கை நிக்குது எண்டு தெரியும்.

"அண்ணை, அது நானூறு வருசத்துச் சண்டை. கலியாணம் இண்டைக்கு."

"பொறு, இன்னும் பீரங்கி வரேல்லை," எண்டுறார் ஈரான்காரர்.

முன்னமே காருக்குப் போன மச்சான் வெளியில் ஹோர்ன் அடிக்கிறான். பாதிக் காசை மேசையில் வைச்சிட்டு ஓடுறன். மற்றக் கன்னத்துக்கு மிச்சம் பத்து டொலர்.