புஷ்பக்காவும் பாரசீகக் கம்பளமும்

காலையில் பால் வாங்க வரிசையில் நின்றுகொண்டிருந்தபோது ராஜதுரை அண்ணாச்சி போன் செய்தார். அந்த நேரத்தில் கூப்பிடுகிற ஆளில்லை அவர். "புஷ்பம் போயிட்டாம்மா," என்றார். "ஆஸ்பத்திரியிலதான் இருக்கேன். அவசரம் ஒன்னுமில்ல, நிதானமா வா," என்றார். விமானப்படையில் இருந்த மனிதர். மனைவி போன செய்தியைச் சொல்லும்போதும் குரல் உடையவில்லை. எனக்குத்தான் கையிலிருந்த பால் பாக்கெட்டை என்ன செய்வதென்று தெரியவில்லை. பின்னால் நின்றவர் "ஆகே படியே, ஆன்ட்டி" என்று இரண்டு தடவை சொன்ன பிறகுதான் நகர்ந்தேன்.

தங்கபுஷ்பம் என்ற முழுப் பெயரை டில்லியில் யாரும் ஒழுங்காகச் சொல்லி நான் கேட்டதில்லை. ஆபீசுக்குப் புஷ்பா மேடம், எங்களைப் போன்ற தமிழர்களுக்குப் புஷ்பக்கா. அருங்காட்சியகத்தில் பழைய துணிகளைப் பாதுகாக்கும் பிரிவுக்குத் தலைவராக இருந்து ஓய்வு பெற்றவர். பட்டு, பருத்தி எல்லாம் அவர் பொறுப்புதான் என்றாலும் மனசு கிடந்தது பாரசீகக் கம்பளங்களில். இதைப் படிக்கிறவர்களில் அவரிடம் திட்டு வாங்காதவர் யாராவது இருந்தால் கையைத் தூக்கலாம். அதே பிரிவில் பக்கத்து மேஜையில் இருந்த நான் தினப்படி வாங்கினேன். கரோல் பாகில் வளர்ந்து, புசா ரோடு பள்ளிக்கூடத்தில் படித்த என் தமிழை அவர் தமிழ் என்றே ஒப்புக்கொண்டதில்லை. திருநெல்வேலிக்குத் தெற்கே பேசினால்தான் அவருக்குத் தமிழ்.

ஒருமுறை ஒரு பெரிய அதிகாரியின் மனைவி தன் வீட்டுக் கம்பளத்தைக் காரில் போட்டுக் கொண்டுவந்தார். அதில் டீ கொட்டிவிட்டதாம். போனில் ஏதோ வீடியோவைப் பார்த்து, சமையல் சோடாவையும் வினிகரையும் ஊற்றித் தேய்த்திருக்கிறார். சிவப்பு கலைந்து பக்கத்து வெள்ளைப் பூவுக்குள் ஓடிக் கிடந்தது. புஷ்பக்கா முட்டி போட்டு வெகுநேரம் பார்த்தார். பிறகு அந்த அம்மாள் முன்னாலேயே என்னிடம், "கொழம்புக்குப் போடுததையெல்லாம் கம்பளத்துல போட்டா வெளங்குமாட்டி?" என்றார். தமிழ் புரியாவிட்டாலும் முகம் புரியுமே. மேலிடத்தில் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்கச் சொன்னார்கள். "அந்தக் கம்பளத்துக்கிட்ட வேணா கேக்கேன்," என்று சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தார். அந்த வருஷம் அவருக்கு வரவேண்டிய பதவி உயர்வு வரவில்லை.

அவர் கைப்பையில் எப்போதும் வெள்ளை மல்துணித் துண்டுகளும், காய்ச்சி வடித்த தண்ணீர் ஒரு சின்ன பாட்டிலும் இருக்கும். என் மகள் நிச்சயதார்த்தத்தன்று சம்பந்தி வீட்டில் நல்ல பழைய கம்பளம் ஒன்று விரித்திருந்தது. தாம்பூலம் மாற்றுகிற நேரத்தில் இவர் குனிந்து அதன் ஓரத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார். தோடு விழுந்துவிட்டதென்று நினைத்து மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் எல்லோரும் கூடவே தேட ஆரம்பித்துவிட்டார்கள். அவரோ நனைத்த வெள்ளைத் துணியை ஒவ்வொரு நிறத்தின் மேலும் அழுத்தி எடுத்துப் பார்த்தார். "சாயம் போவுமான்னு ஓரத்துலதான் கேக்கணும். நடுவுல கேட்டா, பதில் வந்த பொறவு ஒன்னும் செய்யமுடியாது," என்று சம்பந்தியம்மாளுக்கே பாடம் நடத்தினார். எனக்கு மானம் போயிற்று. சம்பந்தியம்மாள் இன்றுவரை அந்தக் கம்பளத்துக்கு ஷாம்பு போடவில்லை.

இனி, அந்தத் தோட்டக் கம்பளத்தைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. ஒரு பழைய மாளிகையிலிருந்து எங்களுக்கு வந்தது அது. ஒரு பந்திக்கே விரிக்கலாம், அவ்வளவு பெரிசு. தோட்டம் ஒன்றை மேலிருந்து பார்ப்பதுபோல் நெய்திருந்தார்கள். குறுக்கும் நெடுக்குமாக வாய்க்கால்கள், வாய்க்காலில் மீன்கள். அழுக்கில் மீன் எது, இலை எது என்று தெரியாமல் கிடந்தது. புஷ்பக்கா தூசி உறிஞ்சும் மெஷினின் குழாய் வாயில் வலைத்துணி கட்டி, முதலில் அடிப்பக்கம், பிறகு மேல்பக்கம் என்று வாரக்கணக்கில் தூசியெடுத்தார். ஒவ்வொரு நிறமாகச் சோதித்த பிறகுதான் தண்ணீரே தொட்டது. டில்லி போர்வெல் தண்ணீர் ஆகாதென்று வடித்த தண்ணீராக வரவழைத்தார். முதல் மீன் வெள்ளையாக எழுந்து வந்தபோது, "தண்ணிய நெய்ஞ்சு வச்சிருக்கான் பாத்தியா. ஆனா இதுக்குத் தண்ணிதான் எமன்," என்றார்.

அதைக் காயப்போட அத்தனை பெரிய இடம் வரவேற்புக் கூடம் ஒன்றுதான். தரையில் படுக்கை வசமாக விரித்து, சுற்றிலும் மின்விசிறி வைத்தோம். ஆகஸ்ட் மாதம். மழை பெய்தாலும் புழுக்கம், பெய்யாவிட்டாலும் புழுக்கம். காய்ந்துவிட்டதா என்று புஷ்பக்கா கையால் பார்க்க மாட்டார். "பாத்திரம் தேச்ச கை பொய் சொல்லும்," என்பார். முட்டி போட்டு, ஓரத்தைப் புரட்டி, அடிப்பக்கத்தில் கன்னத்தை வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். மேலே கம்பளி காய்ந்திருந்தாலும் உள்ளே நெசவைத் தாங்கி ஓடுகிற பருத்தி நூல், பாவு, காய நாளாகும். கன்னத்துக்குச் சில்லென்று பட்டால் ஈரம் இன்னும் இருக்கிறதென்று அர்த்தம். ஈரத்தோடு சுருட்டினால் உள்ளேயே இற்றுப்போகும்.

திடீரென்று யாரோ வெளிநாட்டு விருந்தினர் வருகிறார்கள், மறுநாள் கூடம் வேண்டும் என்று உத்தரவு வந்தது. புஷ்பக்கா சண்டை போட்டார். கெஞ்சவும் செய்தார், அவர் கெஞ்சி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். "மேடம், ஜல்தி கீஜியே. இல்லாட்டி ஹவுஸ்கீப்பிங் ஆட்கள் எடுத்துப்பாங்க," என்றார்கள். அவர்கள் எடுத்தால் மடித்து மூட்டை கட்டுவார்கள். அன்று அவருக்கு நல்ல காய்ச்சல். கண் சிவந்து, சால்வை போர்த்திக்கொண்டு வந்திருந்தார். மண்டியிட்டுக் கன்னத்தை வைத்தார். எடுத்தார். வேறு இடத்தில் வைத்தார்.

"சில்லுன்னுதாட்டி இருக்கு," என்றார்.

"ஈரமாக்கா?"

"காய்ச்சக்காரிக்கு எல்லாம் சில்லுன்னுதான் இருக்கும். செவுரு கூடச் சில்லுன்னு இருக்கு," என்று எழுந்து, கம்பளத்தைச் சுருட்டச் சொல்லிவிட்டார். பூப்பக்கம் வெளியே இருக்கும்படி, பெரிய உருளையில், மல்துணி சுற்றி, எல்லாம் முறைப்படிதான் நடந்தது. அன்று மாலையே காய்ச்சல் முற்றி ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்.

பல வாரம் கழித்து அவர் வேலைக்குத் திரும்பி உருளையைப் பிரித்தபோது பூசண வாடை அடித்தது. ஓரத்தைத் தூக்கினோம், முறுக்கு நொறுங்குவதுபோல் சத்தம் கேட்டது. மேலே நிறங்கள் அப்படியே இருந்தன, மீன்கள் அப்படியே இருந்தன. உள்ளே பாவு இற்றுப்போயிருந்தது. கூடத்தைக் காலி செய்யச் சொன்னவர்கள் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "சோ ஸேட்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில் பாதி கூட அவருக்கு வரவில்லை. "கன்னம் சொல்லிச்சு. நாந்தான் கேக்கல," என்றார்.

ஓய்வு பெறும்வரை மற்ற வேலைகளுக்கு நடுவே அவர் அந்தக் கம்பளத்தோடுதான் கிடந்தார். அடியில் புதுத்துணி கொடுத்துத் தைத்துப் பார்த்தார். ஓர் ஊசி ஏறினால் பக்கத்தில் இரண்டு இழை விட்டது. பிழைக்காது என்பது அவருக்குத் தெரியும். படுக்கை வசமாக அசையாமல் கிடந்தால் அப்படியே கிடக்கும், அதை யாரும் தூக்காமல் இருந்தால் போதும் என்பதே கடைசியில் அவர் கேட்டது. அவர் ஓய்வு பெற்ற மறுவருஷம், இனி உதவாதென்று எழுதி அதைக் கண்டம் செய்துவிட்டார்கள். கத்தியால் வெட்டி, தேறிய துண்டுகளை அதிகாரிகள் அறையில் மேஜைக்கு அடியில் போட்டார்கள். தேறாததைக் குப்பைச் சாக்கில் திணித்தார்கள். சாக்கிலிருந்து உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துண்டை நான் எடுத்து வந்தேன்.

போன மாதம் ஆஸ்பத்திரியில் அவரைப் பார்த்தபோது, எப்போதும்போல அந்தக் கம்பளத்தைப் பற்றி, "படுத்தே கிடக்கா?" என்று கேட்டார். அதுவரை பேச்சை மாற்றிவந்தேன், அன்று முடியவில்லை; அவரிடம் பொய் சொல்லி யாரும் தப்பித்ததில்லை. வெட்டிவிட்டார்கள் என்று சொன்னேன்.

"வெட்டின ஓரம் பிரியாமத் தைச்சாங்களா?"

"இல்லக்கா."

சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் பையிலிருந்த துண்டை எடுத்து அவர் கையில் வைத்தேன். அதில் பாதி மீன் இருந்தது, தலைப்பக்கம். அதைப் புரட்டி, அடிப்பக்கத்தைக் கன்னத்தில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். அன்றும் அவருக்குக் காய்ச்சல்தான். தலையணை வரைக்கும் சுட்டது.

"சில்லுன்னு இருக்கே. ஈரமா, இல்ல எனக்குக் காய்ச்சலா?"

"காய்ச்சல்தான்க்கா," என்றேன்.

"அன்னைக்கும் இப்படித்தான் நெனச்சேன்," என்று துண்டைத் திருப்பிக் கொடுத்தார். "சுருட்டிராதட்டி" என்பதுதான் அவர் என்னிடம் பேசிய கடைசிப் பேச்சு.

லோதி ரோடு மயானத்திலிருந்து திரும்பியபோது மழை பிடித்துக்கொண்டது, நாலு நாளாகியும் இன்னும் விடவில்லை. அவரிடமிருந்து என்னிடம் தங்கியது இந்தத் துண்டுதான். துவைத்த மல்துணிக்கு நடுவே பீரோவில் படுக்கை வசமாக வைத்திருக்கிறேன். கம்பளத்தைக் காப்பாற்றும் வழி எல்லாவற்றையும் அவர் பக்கத்திலேயே இருந்து பார்த்தவள் நான். இதற்கு அதில் ஒன்றும் உதவாது. நேற்றும் எடுத்துப் பார்த்தேன், மீனின் வாய்ப்பக்கம் இன்னும் கொஞ்சம் உதிர்ந்திருந்தது. புரட்டி, கன்னத்தில் வைத்துப் பார்த்தேன். சில்லென்று இருந்தது. எனக்குக் காய்ச்சல் இல்லை.