துடைப்பத்தால் விழுந்த இரண்டு அடி

மண்ணூர்பேட்டை ஜோசப்ராஜுக்கு ஷாக் அடித்ததே கிடையாது. அவரைக் கேட்டால் அப்படித்தான் சொல்வார். மிக்ஸியைப் பிரித்தபோது கை உதறி, ஸ்க்ரூடிரைவர் ஜன்னல் வழியாகப் பறந்ததே? "லேசா கிள்ளுச்சு." ஈரக்காலோடு மோட்டார் ஸ்விட்சைத் தொட்டுவிட்டுக் குழாயடியில் பொத்தென்று உட்கார்ந்தாரே? "கால் வழுக்கிடுச்சு." இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு கம்பெனி ஸ்டோரில் நட்டும் போல்ட்டும் எடுத்துக் கொடுத்து ஓய்வு பெற்றவர். கரண்டு வேலையை யாரிடமும் கற்றதில்லை. ஆனாலும் தெருவில் யார் வீட்டில் ஃபேன் நின்றாலும் "கரண்ட் அண்ணனைக் கூப்பிடு" என்பார்கள். அந்தப் பெயரில் மனிதருக்கு அப்படி ஒரு பெருமை.

மனைவி ஞானகுமாரிக்கு உண்மை தெரியும். ஷாக் அடித்த நாளில் டீ டம்ளரை இரண்டு கையாலும் பிடிப்பார். அவளும் கவனிக்காததுபோலச் சர்க்கரையைக் கொஞ்சம் கூடப் போட்டுக் கொடுப்பாள். வெளியே மூச்சு விடமாட்டாள்.

இந்த டிசம்பரில் வாசலில் கிறிஸ்துமஸ் ஸ்டார் கட்ட ஸ்டூலில் ஏறினார். மெயினை அணைத்தாகிவிட்டது. அணைத்ததைத் தெருவுக்கே கேட்கும்படி சொல்லியும் ஆகிவிட்டது. மகள் ஹெலினா மழைக்காலத்துக்கென்று வாங்கிக் கொடுத்த புது இன்வெர்ட்டர்தான் ஞாபகத்தில் இல்லை. மெயின் போனதும் அது சத்தமில்லாமல் வேலையை எடுத்துக்கொண்டது. பனிக்காலத்துப் பகல்; வீட்டில் ஃபேனும் ஓடவில்லை, லைட்டும் எரியவில்லை, எப்படித் தெரியும்? ஒரு கை இரும்பு கிரில்லில் இருக்க, இன்னொரு கையால் வாசல் போர்டின் ஒயரைப் பிடித்தார். ஒயர் அவரைப் பிடித்துக்கொண்டது.

வாசல் பெருக்கிக்கொண்டிருந்த ஞானகுமாரி நிமிர்ந்தாள். வாய் திறந்திருந்தும் பேச்சு வராத ஜோசப்ராஜை அவள் அன்றைக்குத்தான் பார்த்தாள். துடைப்பத்தைத் திருப்பி, மரப்பிடியால் மணிக்கட்டில் ஓங்கி ஒரு போடு போட்டாள். கை விடுபட்டு, மனிதர் ஸ்டூலோடு கீழே வந்தார். உயிர் இருக்கிறது என்று தெரிந்ததும் அவளுக்கு வந்ததே ஒரு ஆத்திரம்! முதுகில் இன்னொன்று வைத்தாள்.

எதிர்வீட்டு ராணி பார்த்தது இந்த இரண்டாவது அடியை மட்டும்தான்.

அப்புறம் சொல்லவேண்டுமா? புருஷனை, அதுவும் துடைப்பத்தால்! ஞாயிற்றுக்கிழமை பூசை முடிவதற்குள் கோயில் முழுக்கப் பரவிவிட்டது. தெருவிலுள்ள கத்தோலிக்கக் குடும்பங்கள் வீட்டுக்கு வீடு கூடி ஜெபிக்கிற அன்பியத்தில், எல்லார் வீட்டுச் சண்டைக்கும் சமாதானம் பேசுகிறவள் ஞானகுமாரி. அவளிடமே ஒருத்தி வந்து, "கட்டினவர் மேல கை நீட்டலாமா அக்கா?" என்று புத்தி சொல்லிவிட்டுப் போனாள். ஞானகுமாரி வீட்டுக்கு வந்து அழுதாள்.

"நடந்ததை நீயே சொல்லிட வேண்டியதுதான?" என்றார் ஜோசப்ராஜ், மணிக்கட்டைத் தடவிக்கொண்டு.

"இத்தினி வருசமா உன் மானத்தக் காப்பாத்திகினு கீறேன். இப்போ நான் போய் சொன்னா மட்டும் நம்பிடுவாங்களா? நீ சொல்லணும்யா."

சொன்னால், கரண்ட் அண்ணன் என்கிற பேர் அன்றோடு காலி. சொல்லாவிட்டால், இவள் இனி அன்பியத்தில் தலை நிமிர்ந்து உட்கார முடியாது. அன்றைக்கு ஒரு ஒயரையும் தொடவில்லை. இருந்தும் டீ டம்ளரை இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

அந்த வாரம் அன்பியம் ராணி வீட்டில். முடிகிற நேரத்தில் அவரவர் வாய்விட்டு ஆண்டவருக்கு நன்றி சொல்வது வழக்கம். தெருவெல்லாம் வாய் ஓயாத ஜோசப்ராஜ் அங்கே மட்டும் இதுவரை பேசியதில்லை. எழுந்து நின்றார்.

"ஆண்டவரே, மெயினை அணைச்சேன், இன்வெர்ட்டரை மறந்துட்டேன். கரண்டு என்னைப் புடிச்சுகிச்சு. எனக்கு கரண்டப் பத்தி ஒண்ணும் தெரியாது, அது உமக்கும் எம் பொண்டாட்டி ஞானத்துக்கும்தான் தெரியும். அவதான் துடப்பத்தால அடிச்சுக் காப்பாத்துனா. இல்லாங்காட்டி இந்நேரம் எனக்காக ஜெபம் பண்ணிகினு இருப்பாங்க. அந்த அடிக்கு நன்றி."

"ஆண்டவரே, உமக்கு நன்றி" என்று பழக்கதோஷத்தில் எல்லோரும் பதில் சொன்னார்கள். ராணியின் குரல் சற்றுத் தாமதமாக வந்தது.

ஜோசப்ராஜ் உட்காரவில்லை. "முதுகுல வுட்டாளே, அந்த ரெண்டாவது அடிக்கும் நன்றி. அது பயத்துல வந்தது ஆண்டவரே, வேற ஒண்ணும் இல்ல."

கூடம் முழுக்கச் சிரிப்பு. பதில் சொல்ல ஒருவராலும் முடியவில்லை. நனைந்த கண்ணைத் துடைத்துக்கொண்டு ஞானகுமாரிதான் தனியாகச் சொன்னாள்:

"ஆண்டவரே, உமக்கு நன்றி."