கபாலியின் பதினாலு நிமிஷம்

மயிலாப்பூர் ஸ்ரீநாத்துக்கு இரண்டு பெருமைகள் உண்டு. ஒன்று, டெலிபோன் இலாகாவில் முப்பத்து நாலு வருஷம் குப்பை கொட்டியும் ஒரு கச்சேரிக்குக்கூடத் தாமதமாகப் போனதில்லை. இன்னொன்று, வீட்டுக் கூடத்தில் நிற்கும் இரும்பு அலமாரி. அதில் இருநூற்றுப் பதினேழு கேஸட்டுகள். எல்லாம் அவரே சபாக்களில் உட்கார்ந்து, மடியில் டேப் ரெக்கார்டரை வைத்துத் துண்டால் மூடிக்கொண்டு பதிவு செய்தவை. தேதி, சபா, பாடியவர், பக்கவாத்தியம் என்று ஒவ்வொன்றின் விளிம்பிலும் சிவப்பு மையில் பொடி எழுத்தில் இருக்கும். தன் கல்யாண நாளை வருஷா வருஷம் மறக்கிற இந்த மனிதர், எழுபத்தெட்டில் யார் எங்கே காம்போஜி பாடினார் என்று கேட்டால் தூக்கத்தில்கூடச் சொல்லிவிடுவார்.

ரிடையரான கையோடு கம்ப்யூட்டர் வாங்கினார். கேஸட்டுகளில் பூஞ்சை பிடிக்க ஆரம்பித்திருந்தது; எல்லாவற்றையும் கம்ப்யூட்டருக்குள் ஏற்றிவிடுவது என்று தீர்மானம். ஒரு மணி நேரக் கச்சேரி உள்ளே போக ஒரு மணி நேரம் ஆகும். அதைச் சுருக்கிச் சின்னதாக்க இன்னொரு இரண்டு மணி நேரம். அதுவரை நாற்காலியை விட்டு நகரமாட்டார். "பெத்த பொண்ணைக்கூட இப்படிக் கண்கொட்டாம பார்த்துண்டதில்லை நீங்க" என்பாள் அவர் மனைவி காமாக்ஷி.

அந்தப் பெற்ற பெண் ஹம்சா, தொண்ணூற்றொன்பது ஜூன் மாசம் கலிபோர்னியாவிலிருந்து ஒரு சாமான் அனுப்பினாள். சீட்டுக்கட்டு அளவு. உள்ளே டேப்பும் கிடையாது, தட்டும் கிடையாது. கம்ப்யூட்டருக்குப் பின்னால் பிரிண்டர் வயரைப் பிடுங்கிவிட்டு இதன் வயரைச் செருகினால் பாட்டுகள் ஒவ்வொன்றாக இதற்குள் ஏறும். பிறகு சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, காதில் குமிழைச் செருகிக்கொண்டு எங்கே வேண்டுமானாலும் போகலாம். அப்பா வாக்கிங் போகும்போது கேட்கட்டும் என்று அனுப்பியிருந்தாள். இதன் கொள்ளளவு முப்பத்திரண்டு எம்.பி. நன்றாகக் கேட்கவேண்டுமென்றால் அரை மணி, சத்தம் கொஞ்சம் மங்கினால் பரவாயில்லை என்றால் ஒரு மணி.

பெட்டியைப் பிரித்ததுமே ஸ்ரீநாத்துக்குக் கபாலியின் ஞாபகம்தான் வந்தது.

கபாலி மிருதங்க வித்வான். ஒரே தெரு, ஒரே பள்ளிக்கூடம், ஒரே பெஞ்சு. பெரிய வித்வான் என்று சொன்னால் அவரே சிரிப்பார். சாயங்காலக் கச்சேரிகள் அவருக்கு வாய்த்ததில்லை. மத்தியானம் இரண்டு மணிக்கு, சாப்பாட்டு மயக்கத்தில் இருபது பேர் உட்கார்ந்திருக்கும் கச்சேரிகள்தான். அந்த இருபது பேரில் ஸ்ரீநாத் கட்டாயம் இருப்பார். "உன் கச்சேரி அத்தனையும் என் அலமாரியில இருக்குடா" என்று முப்பது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். கபாலிக்கும் அதில் ஒரு நிம்மதி.

ஏப்ரலில் ஒரு நாள் விடியும்போது பக்கவாதம் வந்து, கபாலியின் இடது கையும் காலும் சுணங்கிப் போயின. நல்லவேளையாகப் பேச்சு தப்பியது. தினம் அரை மணி நேரம் நடக்கவேண்டும், இல்லாவிட்டால் கால் அப்படியே இறுகிவிடும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். கபாலியோ கோட்டூர்புரம் ஃபிளாட்டில் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார். மிருதங்கம் உறை போட்டபடி மூலையில் இருந்தது.

"நடந்தா என்னடா?" என்றார் ஸ்ரீநாத்.

"எங்கே போறதுக்கு?" என்றார் கபாலி.

அதற்கு இப்போது ஸ்ரீநாத்தின் கையில் ஒரு பதில் இருக்கிறது. எண்பத்து நாலில் கபாலி வாசித்த ஒரு கச்சேரியை முழுசாக ஏற்றிக்கொண்டு ஸ்கூட்டரை உதைத்தார்.

ஃபிளாட்டுகளைச் சுற்றி நடைபாதை உண்டு, நடுவே வேப்பமரமும் சிமெண்ட் பெஞ்சும். கபாலியின் காதில் குமிழ்களைச் செருகி பட்டனை அழுத்தினார் ஸ்ரீநாத். கபாலியின் முகம் மாறியது. கைத்தடியை ஊன்றி எழுந்தார். ஒரு சுற்று நடந்தார். இரண்டாவது சுற்றையும் முடித்தார். ஸ்ரீநாத்துக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. மூன்றாவது சுற்றில், பிரதான ராகம் முடிந்து ஸ்வரமெல்லாம் பாடி ஓய்ந்த இடத்தில், கபாலி சட்டென்று நின்றுவிட்டார்.

"தனி எங்கேடா?"

தனி ஆவர்த்தனம் என்பது மிருதங்கக்காரனுக்குக் கச்சேரியில் கிடைக்கும் ஒரே சொந்த நேரம். பாடகர் வாயை மூடிக்கொண்டு தாளம் போடுவார். பத்துப் பதினைந்து நிமிஷம் மேடை அவனுடையது. அந்த நேரம் பார்த்துத்தான் பாதி சபா எழுந்து கேண்டீனுக்குப் போகும். இது பட்டணத்து ரசிகர்களின் பரம்பரை வழக்கம், யாரும் வெட்கப்பட்டதாகத் தெரியவில்லை.

ஸ்ரீநாத் மெஷினைக் கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்தார். "இடம் பத்தலைடா. முப்பத்திரண்டு எம்.பி.தானே. அடுத்த தடவை கொண்டுவரேன்."

"அதைக் கொண்டு வா, நடக்கறேன்" என்று சொல்லிவிட்டுக் கபாலி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். "நான் என்னத்தை வாசிச்சேன்னு எனக்கே கேக்கணும் போல இருக்கு. இனிமே வாசிக்கப் போறதில்லையே."

மெஷின் மேல் பழியைப் போட்டாயிற்று. ஆனால் குற்றம் மெஷினுடையதல்ல. தனி ஆரம்பித்ததும் கேஸட்டை நிறுத்திவிட்டு எழுந்து போவது ஸ்ரீநாத்தின் வழக்கம். டேப் மிச்சமாகும், வடையும் சூடாகக் கிடைக்கும். முப்பது வருஷமாக இப்படித்தான். இவருக்குப் பெயர் ரசிகர்!

இருந்தாலும் எங்கேயாவது ஒரு தடவை கை மறந்திருக்காதா என்ற நப்பாசை. கபாலி பெயர் எழுதிய நாற்பத்தொரு கேஸட்டுகளையும் மூன்று நாள் உட்கார்ந்து ஓட்டினார். ஸ்வரம் முடியும், 'டொக்'கென்று ஒரு சத்தம் கேட்கும், உடனே அடுத்த பாட்டு. நாற்பத்தொன்றிலும் அதே டொக். ஒவ்வொன்றாகக் கேட்கக் கேட்க, சிநேகிதனை நாற்பத்தொரு தடவை முகத்துக்கு நேரே கதவைச் சாத்தி அனுப்பியதுபோல இருந்தது அவருக்கு. மூன்றாம் நாள் ராத்திரிச் சாப்பாடு இறங்கவில்லை.

"என்ன தேடறேள்?" என்றாள் காமாக்ஷி. சொன்னார். மறைக்கவில்லை.

அவள் எழுந்து உள்ளே போனாள். பரண் மேலிருந்து கொலு பொம்மைப் பெட்டியை இறக்கும் சத்தம் கேட்டது. வைக்கோலுக்கு நடுவிலிருந்து ஒரு கேஸட்டைத் துடைத்துக் கொண்டுவந்து கொடுத்தாள். விளிம்பில் அவருடைய சிவப்பு மையிலேயே 'வீண்' என்று எழுதியிருந்தது.

"எண்பத்தொண்ணு டிசம்பர். மெஷினை என் மடியில வெச்சுட்டு, தனி வந்தா இந்த பட்டனை அமுக்குன்னு சொல்லியிருந்தேள். நான் அமுக்கலை. டேப் தீர்ந்துபோய் மங்களம் விட்டுப்போச்சுன்னு ரெண்டு நாள் என்னோட பேசலை நீங்க. ஞாபகம் இருக்கா?"

"ஏன் அமுக்கலை?"

"அவர் வாசிச்சுண்டிருக்கார். நான் எப்படி நிறுத்தறது?"

கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷத்தில் தன் வீட்டில் உண்மையான ரசிகர் யார் என்பது அன்றைக்குத்தான் ஸ்ரீநாத்துக்குத் தெரிந்தது.

கேஸட்டை ஓடவிட்டார். பதினாலு நிமிஷம், முழுத் தனி. ஆனால் கபாலியின் மிருதங்கத்தில் முதல் அடி விழுந்த அதே நொடியில், ரெக்கார்டர் மைக்குக்குப் பக்கத்தில் கணீரென்று ஒரு குரல்: "ஆரம்பிச்சுட்டான். இனிமே கால் மணிக்கு ஒண்ணும் கிடையாது. வாங்கோ, கீரை வடை சூடா இருக்கும்." பிறகு நாற்காலி நகரும் சத்தம்.

குரல் ஸ்ரீநாத்துடையது. காமாக்ஷி பாத்திரம் ஒழிக்க எழுந்து போய்விட்டாள். அது இன்னும் மோசம்.

கம்ப்யூட்டரில் வேண்டாததை நறுக்குவது சுலபம். சத்தம் திரையில் பச்சைக் கோடாக ஓடும். குரல் வரும் இடத்தை மவுஸால் இழுத்துக் குறித்து, ஒரு பட்டனைத் தட்டினார். குரல் போயிற்று. கூடவே கபாலி தொடங்கிய முதல் இரண்டு தாளச் சுற்றும் போயிற்று. இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்திருந்தன. போட்டுக் கேட்டார். தலையில்லாத தனி. தன் மானத்தைக் காப்பாற்ற வேண்டுமானால் கபாலியை நாற்பத்திரண்டாவது தடவையும் நறுக்கவேண்டும்.

வெட்டியதை மறுபடி ஒட்டவைத்தார். ஹம்சா அனுப்பிய பிளேயரில் இருந்ததையெல்லாம் அழித்துவிட்டு இது ஒன்றை மட்டும் நல்ல தரத்தில் ஏற்றினார். பதினாலு எம்.பி. மீதி இடத்தைக் காலியாகவே விட்டார்.

மறுநாள் காலை கோட்டூர்புரம். ஒரு குமிழைக் கபாலியின் காதிலும் இன்னொன்றைத் தன் காதிலும் செருகிக்கொண்டார். எப்படியும் மாட்டிக்கொள்ளப் போகிறோம், பக்கத்தில் இருந்தே மாட்டிக்கொள்வோம் என்ற எண்ணம்தான்.

குரல் வந்தது. ஸ்ரீநாத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வடை நன்னா இருந்துதா?" என்றார் கபாலி.

"ஆறிப்போயிருந்துது."

"நன்னா வேணும்."

"இதை மட்டும் காமாக்ஷி நிறுத்தாம விட்டிருக்கா. மத்த எதுலயும் தனி இல்லைடா, கபாலி. ஒண்ணுலகூட இல்லை. இடம் பத்தலைன்னு சொன்னது பொய்."

"தெரியும்" என்றார் கபாலி. "மேடையிலேருந்து பார்த்தா எல்லாரும் தெரியும். முப்பது வருஷமா தனி ஆரம்பிச்சா உன் முதுகைத்தான் பார்த்திருக்கேன். காமாக்ஷி உட்கார்ந்திருந்தா அவளுக்கு வாசிப்பேன்." அவர் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் ஸ்ரீநாத்தை அறுத்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதில் அழுக்கு ஒன்றும் இல்லை.

கபாலி கைத்தடியை எடுத்துக்கொண்டு எழுந்தார். வயர் குட்டை. ஸ்ரீநாத்தும் கூடவே எழவேண்டியிருந்தது. தோளோடு தோள் உரச இரண்டு பேரும் நடந்தார்கள். முதல் சுற்றில் ஸ்ரீநாத்தின் கை தானாகத் தாளம் போட ஆரம்பித்தது. கபாலியின் சுணங்கிய இடது கை விரல்கள்கூட வேட்டி மேல் எதையோ தேடின. வாசிப்பில் தாள நடை மாறும் இடம் ஒன்று வந்தது. அடடா, இப்படியா வாசித்தான் இவன் என்றிருந்தது ஸ்ரீநாத்துக்கு. இந்த மாதிரி எத்தனை போயிற்றோ. எல்லாம் வடைக்கு.

இரண்டாவது சுற்றில் ஃபிளாட் வாசலில் இருக்கும் காபிக் கடை வந்தது. டிகாக்‌ஷன் வாசனை மூக்கைத் துளைத்தது.

கபாலி ஓரக்கண்ணால் பார்த்தார். "காபி சாப்பிடப் போகலையா?"

ஸ்ரீநாத் தாளத்தை விடவில்லை.

"தனி முடியட்டும்டா" என்றார்.