நடுச் சீட்டின் ஜன்னலோரம்

உச்சி வெயிலில் நின்ற அந்த வேனின் கதவை இழுத்துத் திறந்தால், சூடேறிய ரெக்சினையும் பெட்ரோலையும் முந்திக்கொண்டு முகத்தில் வந்து அடிப்பது நீலகிரித் தைலத்தின் வாசம். எங்கள் வீட்டில் அந்தப் பாட்டிலே கிடையாது; தைலம் பட்டால் தம்பிக்குத் தும்மல் பிடித்துக்கொள்ளும். அப்பா சீட்டுகளைச் சோப்புத் தண்ணீர் விட்டுத் துடைத்துப் பார்த்தார், புதுக் கவர் தைத்துப் போட்டார், டேஷ்போர்டில் சந்தன வில்லை வைத்தார். சந்தனம் நாலு நாளில் அடங்கிவிட்டது. தைலம் அடங்கவில்லை.

தொண்ணூறுகளின் நடுவில், சோமனூருக்குப் பக்கத்தில், தறிக்குடோனை ஒட்டிய வீட்டில் இருந்தோம். அப்பா, அம்மா, நான், தம்பி கார்த்தி. நாலு பேருக்கும் இருந்தது அப்பாவின் மொபெட் ஒன்றுதான். முன்னால் நான் நின்றுகொள்ள, பின்னால் அம்மா கார்த்தியை மடியில் இடுக்கிக்கொள்ள, கல்யாணம், காது குத்து என்று எல்லாவற்றுக்கும் அதிலேயே போய் வந்துவிடுவோம். கார்த்திக்கு மட்டும் ஒரு வியாதி இருந்தது. மழைக்காலம் பிறந்தால் அவனுக்கு மூச்சு 'இழுப்பு' வந்துவிடும். நெஞ்சு கொய்ங் கொய்ங்கென்று இரைய, நனைந்துகொண்டே கோயமுத்தூர் டாக்டரிடம் அவனைத் தூக்கிப்போன ஒரு ஐப்பசியில்தான், இனி வேன் இல்லாமல் ஆகாது என்று வீட்டில் பேச்சு வந்தது.

வேன் வேண்டும் என்பதில் சண்டையில்லை. புதுசா, 'செகண்ட்ஸா' என்பதில்தான் சண்டை. அம்மாவுக்குப் புதுசுதான் வேண்டும். அவிநாசி ரோட்டில் ஒரு ஷோரூமுக்குப் போய், சீட்டின் மேல் பாலிதீன் கூடப் பிரிக்காத ஒரு வேனில் உட்கார்ந்து பார்த்துவிட்டு வந்திருந்தாள். அதற்குப் பிறகு அவளுக்கு வேறு எதுவும் கண்ணில் ஏறவில்லை. "அடுத்தவங்க பொழங்குன வண்டியில எம்பட புள்ளைங்க எதுக்குங்க போகோணும்? அவுங்க நல்லது கெட்டதெல்லாம் அந்தச் சீட்டுல ஒட்டிக் கெடக்குமுங்க" என்பாள். அப்பாவுக்குக் காத்திருக்கப் பொறுமையில்லை. புது வண்டிக்குப் பதிந்துவிட்டு மாதக்கணக்கில் இருக்க வேண்டும், அதற்குள் அடுத்த மழை வந்துவிடும். பல்லடத்தில் ஒரு கோழிப்பண்ணைக்காரர் வீட்டு வண்டி இருக்கிறது, ஒரே கை ஓட்டியது, ஒரு கீறல் கிடையாது என்று புரோக்கர் வேறு தினமும் வந்து காதில் ஓதிக்கொண்டிருந்தார்.

இப்படி ஒரு காரியம் இழுபறியானால் எங்கள் பக்கத்தில் கோயிலுக்குப் போய் 'பூ கேட்பார்கள்'. வெள்ளைப் பூவையும் செவ்வரளியையும் தனித்தனி இலையில் மடித்து அம்மன் காலடியில் போட்டு, விவரம் தெரியாத குழந்தை ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். எந்தப் பூ வருகிறதோ அதுதான் முடிவு. அப்புறம் யாரும் வாயைத் திறக்கக் கூடாது. பெண் கொடுக்கவும் கிணறு வெட்டவும் பூ கேட்டவர்கள் உண்டு. வேனுக்குப் பூ கேட்டது அநேகமாக நாங்களாகத்தான் இருக்கும். வெள்ளை வந்தால் புதுசு, சிவப்பு வந்தால் பழசு என்று அம்மாதான் சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். கார்த்தி கொஞ்சமும் யோசிக்காமல் ஒரு பொட்டலத்தை எடுத்துப் பூசாரி கையில் கொடுத்தான். செவ்வரளி.

வண்டியை எடுக்கப் பல்லடம் போனபோது நானும் போயிருந்தேன். பண்ணைக்காரர் விலையில் கறாராக நிற்கவில்லை. சொன்னதற்குத் தலையாட்டிவிட்டுச் சாவியைக் கொடுத்தார். விற்கிறவர் இப்படி அவசரப்பட்டால் வாங்குகிறவன் யோசிக்க வேண்டும் என்று அப்பாவுக்குத் தோன்றியிருக்க வேண்டும், சந்தோஷத்தில் தோன்றவில்லை. அந்த வீட்டு அம்மா வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு உள்ளேயே நின்றார். எங்களைப் பார்க்கவில்லை, வண்டியையே பார்த்துக்கொண்டு நின்றார். மரியாதைக்கு ஒரு வார்த்தை சொல்லாமல் கிளம்பினால் அப்பாவுக்குத் தூக்கம் வராது. "வண்டி எங்கீங்க்கா போயிரப்போகுது? உங்க வண்டின்னே நெனச்சுக்குங்க. எப்பத் தோணுனாலும் வந்து பாத்துட்டுப் போங்க" என்றார்.

எங்கள் ஊர்க்காரர்களைத் தெரியாதவர்களுக்கு இதை விளக்கியாக வேண்டும். எருமையை ஓட்டிக்கொண்டு போகிறவன்கூட விற்றவனிடம் இதையேதான் சொல்லிவிட்டுப் போவான். அது ஒரு பேச்சு, அவ்வளவுதான். சாப்பிட்டு எழுந்தவரைப் பார்த்து 'சாப்புட்டுப் போங்க' என்பது போல. யாரும் எருமையைப் பார்க்க வருவதில்லை. அந்த அம்மா வந்தார்.

அடுத்த அமாவாசைக்கு, காலை பதினொரு மணி வாக்கில், பஸ்ஸில் இறங்கி விசாரித்துக்கொண்டு வந்து எங்கள் வாசலில் நின்றார். பல்லடத்தக்கா என்றுதான் கடைசிவரை அவரைக் கூப்பிட்டோம். அம்மா 'வாங்க வாங்க' என்று பாயைப் போட்டாள். அவர் உட்காரவில்லை. "வண்டியில சித்தநேரம் உக்காந்துட்டுப் போயிர்றனுங்க அம்மிணி" என்றார். அம்மாவுக்கு ஒன்றும் புரியாவிட்டாலும் சாவியைக் கொண்டுவந்து திறந்துவிட்டாள். அக்கா நடுச் சீட்டில் ஏறி, இடது ஜன்னலோரத்தை விட்டுவிட்டு அதற்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். மோர் கொண்டுபோன அம்மாவிடம், ஊர் நிலவரம் சொல்வது போல நிதானமாகச் சொன்னார்.

"எம்பட பையனுக்கு இந்த ஜன்னலோரந்தானுங்க புடிக்கும். நவீனுன்னு பேரு. காய்ச்சக் கண்டு கோயமுத்தூருக்குத் தூக்கிட்டுப் போனம். வழி நெடுக நெஞ்சுல தைலத்தத் தேச்சுட்டே வந்தனுங்க. சூலூரு தாண்டறதுக்குள்ள கை சில்லிட்டுப் போச்சு."

இதைப் புரோக்கரும் சொல்லவில்லை, பண்ணைக்காரரும் சொல்லவில்லை. மனைவியைக் கேட்காமலே, அந்த வண்டியை வாசலில் பார்க்கச் சகிக்காமல், அவர் விற்றிருந்தார். அக்கா போன பிறகு அம்மா மஞ்சள் தண்ணீரைக் கரைத்துச் சீட்டு முழுக்கத் தெளித்தாள். அன்று சாயங்காலமே அப்பாவிடம் ஆரம்பித்துவிட்டாள். "உசுரு போன வண்டியிங்க அது. எம்பையன் ஏற வேண்டாம். வித்துப்போடுங்க." அப்பா, "அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேயி. சாவாத ஊட்டுல கடுகு வாங்கிட்டு வரச் சொன்னா எங்க போவ? நீ கேட்ட பூவு, உன்ற புள்ள எடுத்தது. அப்பறம் என்ன?" என்றார். அம்மாவின் பயமே அந்தப் பூதான் என்று அவருக்குப் புரியவில்லை. இரண்டு பொட்டலத்தில் கார்த்தியின் கை ஏன் அதற்குப் போனது, யார் அவன் கையைப் பிடித்து அதில் வைத்தது என்று அவள் என்னிடமே கேட்டிருக்கிறாள்.

அக்கா அமாவாசை தவறாமல் வந்தார். வர வேண்டாம் என்று சொல்ல எங்கள் வீட்டில் ஒருவருக்கும் வாய் வரவில்லை. இப்போது நினைத்தால் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வருகிறது. அவர் தலை தெருமுனையில் தெரிந்ததும் அம்மா கார்த்தியை இழுத்து உள்ளே போட்டுக் கதவைச் சாத்துவாள். அடுத்த நிமிஷமே வாசலுக்கு வந்து, "வாங்கக்கா, வெயில்ல வந்திருக்கறீங்க, இருந்து சாப்புட்டுப் போகோணும்" என்பாள். அக்கா சாப்பிட்டுவிட்டுப் போய் வண்டியில் உட்கார்ந்துகொள்வார். ஒருமுறை நான் குடோன் சுவரோரமாக நின்று பார்த்தேன். தறிச் சத்தத்தில் அவர் பேசுவது கேட்கவில்லை, வாய் மட்டும் அசைந்தது. காலியாக இருந்த ஜன்னலோரச் சீட்டை, தூங்குகிற பிள்ளையைத் தட்டுவது போல, மெல்லத் தட்டிக்கொண்டே இருந்தார். நான் ஓடிவந்து அடுப்படியில் அம்மாவோடு ஒட்டி உட்கார்ந்துகொண்டேன்.

சாத்திய கதவு எத்தனை நாளைக்கு ஒரு நாலு வயதுப் பையனை அடைத்து வைக்கும்? கார்த்தி எப்படியோ நழுவிப் போய் அக்காவோடு வண்டியில் உட்கார்ந்து, அவர் கொண்டுவரும் தேன்மிட்டாயைத் தின்றுவிட்டு வந்திருக்கிறான். எங்களுக்குத் தெரியாது. அவிநாசியில் ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பிய காலையில்தான் தெரிந்தது. நான் ஜன்னலோரத்தில் ஏறப்போனேன். கார்த்தி என் பாவாடையைப் பிடித்து இழுத்து, "அக்கா, அங்க உக்காராத. நவீனண்ணன் தூங்கறான்" என்றான்.

அம்மா பட்டுச் சேலையோடு அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். பெரியவர் சொன்னதைப் பிள்ளை திருப்பிச் சொல்கிறது என்று அப்பா எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். எனக்கும் இன்று அது அப்படித்தான் தெரிகிறது. ஆனால் அன்று அந்த ஜன்னலோரத்தில் யாரும் உட்காரவில்லை. இடத்தை விட்டு நெருக்கியடித்துக்கொண்டு நாங்கள் கல்யாணத்துக்குப் போய் வந்தோம்.

மழை பிடித்தது. ஒரு காலையில் கார்த்திக்கு இழுப்பு வந்து, உதடு கறுத்துவிட்டது. அப்பா வேனை எடுத்து வாசலில் நிறுத்தி ஹாரன் அடித்தார். அம்மா கார்த்தியைத் துண்டில் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு, வேனைத் தாண்டி, பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தாள். "அதுல ஒரு தாயி புள்ளயக் குடுத்துப்போட்டு வந்திருக்கறா. நான் ஏறமாட்டேன்" என்றாள். அப்பா கத்தினார், கெஞ்சினார். பஸ் வந்தது, அம்மா ஏறிவிட்டாள். அப்பா என்னைத் தூக்கி முன் சீட்டில் போட்டுக்கொண்டு பஸ்ஸின் பின்னாலேயே ஓட்டினார். பஸ் நின்ற இடமெல்லாம் நாங்களும் நின்றோம். ஆள் ஏறி இறங்கும் ஒவ்வொரு முறையும் அப்பா ஸ்டியரிங்கில் கையால் குத்திக்கொண்டார். பஸ்ஸின் பின் கண்ணாடி வழியாக அம்மாவின் தலை தெரிந்தது, கார்த்தி தெரியவில்லை. பிள்ளைக்காக வாங்கிய வண்டி காலியாக ஓட, பிள்ளை முன்னால் பஸ்ஸில் மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தான். எனக்குப் பின்னால் நடுச் சீட்டு இருந்தது. கோயமுத்தூர் போய்ச் சேரும்வரை நான் கழுத்தைத் திருப்பவில்லை.

கார்த்தி பிழைத்துக்கொண்டான். டாக்டர் கொஞ்சம் முன்னால் வந்திருக்கலாமே என்றார். அப்பா திரும்பி வந்ததும் புது வண்டிக்குப் பதிந்தார். புது வண்டி வந்த வாரமே புரோக்கர் பழையதை ஓட்டிக்கொண்டு போனார். அம்மா வாசல் தெளித்து, பெரிய கோலமாகப் போட்டாள். பல்லடத்தக்காவுக்குச் சொல்ல வேண்டும் என்று எல்லோருக்கும் தோன்றியது. அம்மா சொல்லட்டும் என்று அப்பாவும், அப்பா சொல்லட்டும் என்று அம்மாவும் இருந்துவிட்டார்கள்.

அமாவாசைக்கு அக்கா வந்தார். கையில் தேன்மிட்டாய்ப் பொட்டலம். வாசலில் நின்ற வண்டியைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். அப்பா "மதுக்கரைப் பக்கம் ஆரோ எடுத்திருக்கறாங்களாமுங்க்கா. புரோக்கர் மூலமாப் போனது, எனக்கு வெவரம் தெரியாதுங்க" என்றார். அக்கா அழவில்லை, ஏன் சொல்லவில்லை என்று கேட்கவுமில்லை. மரியாதைக்குப் புது வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, பானட்டில் கை வைத்து, "நல்லாருக்குதுங்க" என்றார். அம்மாவுக்குத் தாங்கவில்லை. கதவை இழுத்துத் திறந்து, "உள்ள உக்காருங்கக்கா, சித்தநேரம்" என்றாள்.

"போச்சாது அம்மிணி, இருக்கட்டும். இதுல ஆரும் இல்லீங்களே" என்றார் அக்கா.

பொட்டலத்தை என் கையில் கொடுத்துவிட்டு, 'வாரனுங்க' என்று சொல்லிக்கொண்டு போனார். அதற்குப் பிறகு வரவில்லை. வெகுநாள் கழித்து, மதுக்கரை பஸ் நிலையத்தில் நின்றுகொண்டு போகிற வருகிற வேன்களை எல்லாம் எட்டி எட்டிப் பார்க்கும் ஒரு அம்மாவைப் பற்றி நூல் வியாபாரி ஒருவர் பேச்சுவாக்கில் சொன்னார். அது யார் என்று அப்பா கேட்கவில்லை.

அப்பா இப்போது இல்லை. தறிகளை எடைக்குப் போட்டாயிற்று. குடோன் இருந்த இடத்தில் செல்போன் கடை. அந்த ஜாதி வேன்களே ரோட்டில் கண்ணில் படுவதில்லை. வாங்குகிறவரும் விற்கிறவரும் முகம் பார்த்துப் பேசிக்கொள்வதும் போய்விட்டது. போன மாதம் கார்த்தி தன் காரைப் போனிலேயே விற்றான். இரண்டு பையன்கள் வந்து படம் எடுத்துக்கொண்டு ஓட்டிப் போனார்கள். அம்மா வாசல்வரை போய், "ஆருக்குங்க கண்ணு போகுது?" என்று கேட்டாள். தெரியாதுங்க பாட்டி என்று சிரித்துவிட்டுப் போனார்கள்.

உள்ளே வந்து சாப்பிட உட்கார்ந்த அம்மா, சாப்பாட்டுத் தட்டை நகர்த்திவைத்துவிட்டு, "நாலு போல்ட்டுத்தான் கண்ணு. கழட்டி அந்தச் சீட்ட மட்டுமாச்சும் அவுங்களுக்குக் குடுத்திருக்கலாம். புதுசு பழசுன்னே சண்ட போட்டுட்டு இருந்தமே, ஒருத்தருக்கும் தோணலியே" என்றாள்.

கார்த்தி தலையை நிமிர்த்தி, "எந்தச் சீட்டும்மா?" என்று கேட்டான். அவனுக்கு அப்படி ஒரு வேன் இருந்ததே ஞாபகமில்லை.